பக்கத்து வீட்டுச் சத்தம் சுவர் வழியா, ஓட்டை வழியா?

கேள்வி: எங்கள் படுக்கையறைக்கும் பக்கத்து வீட்டு ஹாலுக்கும் ஒரே சுவர். நாலரை அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு உண்டு. இரவு பதினொன்றரை வரை அவர்கள் டிவி ஓடும். சத்தம் அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் செய்தி வாசிப்பவர் சொல்வது வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறது. அங்கே நாற்காலியை இழுத்தால் எங்கள் கட்டிலுக்கு அடியில் இழுப்பது போலிருக்கிறது. அப்படியானால் நாங்கள் பேசுவதும் அங்கே கேட்கும்தானே என்று நானும் கணவரும் கிசுகிசுத்தே பேசிப் பழகிவிட்டோம். கடையில் கேட்டால் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டச் சொல்கிறார்கள். கொத்தனார் இன்னொரு சுவர் எழுப்பலாம் என்கிறார். தெரிந்தவர் ஒருவர் முட்டை அட்டையே போதும் என்கிறார். யார் சொல்வது சரி? கட்டிலைத் திருப்பிப் போட்டாலே குறையுமா? அந்தச் சுவர் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். அறையில் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. கட்டிலின் தலைமாட்டில், அதே சுவரில், இரண்டு சுவிட்ச் பாக்ஸ் இருக்கின்றன.

ஒரு வாசகி

பதில்: மூன்று பேர் சொன்னதையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "சத்தம் அதிகமில்லை, ஆனால் வார்த்தைக்கு வார்த்தை கேட்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் முழுதாகப் பூசிய செங்கல் சுவர் அப்படி நடந்துகொள்ளாது.

கனமான தடுப்பு எதுவானாலும் தாழ்ந்த சுருதியை விட உயர்ந்த சுருதியை அதிகமாகத் தடுக்கும். அதிர்வெண் இரட்டிப்பானால் தடுப்பும் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். நம் பேச்சில் ஆ, ஓ என்று நீளும் உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் ச, ட, த போன்ற மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் கிடக்கிறது. ஆகவே நல்ல சுவர் முதலில் மெய்யைத் தின்றுவிடும், உயிரை மட்டும் கொஞ்சம் கசிய விடும். அந்தப் பக்கம் யாரோ பேசுகிறார்கள், கோபமாகப் பேசுகிறார்கள் என்பது வரை தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. உங்களுக்கு மெய்யும் உயிருமாகச் சேர்ந்து வருகிறதென்றால் ஒலி செங்கல்லைத் துளைத்து வரவில்லை, காற்றோடு காற்றாக எங்கோ ஒரு சந்து வழியாக வருகிறது என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்க வேண்டும். சாதாரணமாக ஓடும் டிவி 65 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் உங்கள் பக்கம் 20 வர வேண்டும். படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மின்விசிறி ஓடினாலே அந்த 20 அதில் அமுங்கிப்போகும். உங்கள் சுவர் 45-ல் இல்லை, முப்பதுகளில் எங்கோ நிற்கிறது.

முப்பதுக்கு இறங்க எவ்வளவு பெரிய ஓட்டை வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் சுவரின் பரப்பு 12 சதுர மீட்டர். சுவரின் தலைக்கும் மேலே உள்ள தளத்துக்கும் நடுவே 4 மீட்டர் நீளத்துக்கு வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அது மொத்தப் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு போதும். மீதி 999 பங்கும் கருங்கல்லாகவே இருந்தாலும் சுவரின் தடுப்பு 30 டெசிபலைத் தாண்டாது. நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் 20-தான். ஓட்டைப் பானையின் கனத்தைக் கூட்டினால் தண்ணீர் நிற்குமா? ஃபோம், இரண்டாவது சுவர், முட்டை அட்டை என்று மூவரும் பானையின் கனத்தைத்தான் பேசுகிறார்கள்.

ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியதைப் படித்ததும் என் கண் அங்கேயே நின்றுவிட்டது. அறைகளைப் பிரிக்கும் சுவர்களைக் கட்டும்போது கடைசி வரிசைக் கல்லுக்கும் மேல் தளத்துக்கும் இடையே சந்து விழுவது சகஜம். கலவை காய்ந்து சுருங்கினாலும் விழும். மேலே உள்ள உத்தரம் கொஞ்சம் வளைந்தால் சுவரை நசுக்கக் கூடாது என்று பொறியாளரே வேண்டுமென்று விடுவதும் உண்டு. ஃபால்ஸ் சீலிங் வரப்போகிறது என்று தெரிந்தால் பூச்சு வேலை செய்பவர் அந்த உயரத்தோடு கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அதற்கு மேலே யார் பார்க்கப்போகிறார்கள்? ஒரு வீட்டில் சுவர் முழுக்க மூன்று அடுக்குப் பலகை அடித்துவிட்டு, ஒன்றும் குறையவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஏணி போட்டுக் கூரை விளக்கு ஒன்றைக் கழற்றி எட்டிப் பார்த்தால், மேல் வரிசைக் கல் பூச்சே இல்லாமல் நிற்கிறது. அதற்கு மேல் விரல் நுழையும் சந்து. அந்தப் பக்கத்து வீட்டு விளக்கு வெளிச்சம் அதன் வழியாகத் தெரிந்தது. மூன்று அடுக்குப் பலகையும் அழகாகத்தான் இருந்தது.

எனவே பணத்தை எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். இதற்குப் பக்கத்து வீட்டார் துணை வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவர்கள் ஹாலில் ரேடியோவை நிலையம் பிடிக்காத இடத்தில் வைத்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சலை நன்றாக உரக்க ஓட விடுங்கள். இசையோ பேச்சோ ஏறி இறங்கும். இரைச்சல் ஒரே மட்டத்தில் நிற்கும். கைபேசியில் டெசிபல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, முதலில் அங்கே அறை நடுவில் ஒரு அளவு, பிறகு அதே கைபேசியோடு உங்கள் அறை நடுவில் ஒரு அளவு எடுங்கள். கைபேசி சொல்லும் எண் அப்படியே உண்மையாக இருக்காது. ஆனால் ஒரே கருவி என்பதால் இரண்டுக்குமான வித்தியாசம் ஓரளவு நம்பத்தக்கது. ரேடியோவை நிறுத்தியதும் உங்கள் அறையின் அளவு குறைந்தது 10 டெசிபல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீங்கள் அளந்தது உங்கள் மின்விசிறியை.

இப்போது ஜன்னல்களை மூடுங்கள், அவர்களையும் மூடச் சொல்லுங்கள். சத்தம் சட்டென்று விழுந்தால் அது சுவரைத் தொடவே இல்லை. அவர்கள் ஜன்னல் வழியாக வெளியேறி உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் சுவரில் வேலை செய்து ஏமாந்தவர்கள் நிறைய. ஜன்னலால் இல்லை என்று தெரிந்த பிறகு, ஒரு மீட்டர் நீளத் தோட்டத்துக் குழாய்த் துண்டின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறு முனையைச் சுவரின் ஓரங்களில் நகர்த்துங்கள். கூரை மூலை, தரையோரம், பக்கச் சுவரோடு சேரும் கோடு, இரண்டு சுவிட்ச் பாக்ஸ். ஓட்டை இருக்கும் இடத்தில் இரைச்சல் கூர்மையாகிக் காதில் குத்தும். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்பது போன்ற வேலைதான், பழகப் பத்து நிமிடம் போதும்.

சுவிட்ச் பாக்ஸை லேசாக எண்ணாதீர்கள். பூச்சோடு சேர்த்து 14 சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுவரில் 5 முதல் 7 சென்டிமீட்டர் ஆழம் வெட்டித்தான் அதைப் பதிக்கிறார்கள். அந்தப் பக்கமும் அதே இடத்தில் ஒரு பாக்ஸ் இருந்துவிட்டால் நடுவே மிஞ்சுவது ஒரு விரல் அகலக் கலவை, சில இடங்களில் அதுவும் இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டையும் வேறு சுவருக்கு மாற்றிவிட்டு, குழியைக் கல் துண்டும் கலவையும் வைத்து முழுதாக அடைப்பேன். மாற்ற வழியில்லை என்றால் பாக்ஸைச் சுற்றியும் பின்னாலும் ஒலி அடைக்கும் பசைக்களிம்பு அப்பலாம். வயர் வரும் குழாயின் வாயையும் அடைக்க வேண்டும். எதுவானாலும் மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியன் கையால்தான்.

மேல் சந்துக்குக் கலவையைத் திணித்து இறுக்காதீர்கள். பொறியாளர் காரணத்தோடு விட்ட இடைவெளி என்றால் பூச்சில் வெடிப்பு விழும். ராக்வூலை, அதாவது கல்லை உருக்கி நூற்ற பஞ்சை, உள்ளே நெருக்கமாக அடைத்து, சந்தின் வாயில் இறுகிப்போகாத சீலன்ட் என்ற அடைப்புப் பசையைத் தடிமனாகப் பூசுங்கள். ஒலிக்கென்றே விற்கும் சீலன்ட்டின் குணம் அதுதான், வருடக்கணக்கில் ரப்பர் போல நெகிழும். டப்பாவிலிருந்து பீய்ச்சினால் பொங்கும் ஃபோமை மட்டும் நம்பாதீர்கள், கனமே இல்லாத பொருள் அது. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பூசாமல் விட்ட கல்லையும் பூசிவிட வேண்டும். ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவர் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கும் இது பொருந்தும். பூசாத பிளாக்கில் நுண்துளைகள் வழியாகவே ஒலி கசியும். ஏஏசி பிளாக் எடையும் குறைவு, அதனால் அதே தடிமனுள்ள செங்கல் அளவுக்குத் தடுக்காது.

இந்த அடைப்பு வேலை முடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் 10 டெசிபல் கூடியிருந்தால் சத்தம் பாதியானது போலக் காதுக்குத் தோன்றும். மூன்று டெசிபல் என்பது காதுக்குப் பட்டும் படாமலும் இருக்கும். நிறைய வீடுகளில் இதோடு என் வேலை முடிந்திருக்கிறது.

போதவில்லை என்றால்தான் உங்கள் மூன்று ஆலோசகர்களிடம் வர வேண்டும். முதலில் ஃபோம். உங்கள் சுவர் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. இரண்டு அங்குல ஃபோம் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ தேறினால் அதிகம். சுவரின் எடை இரட்டித்தால்தான் 5, 6 டெசிபல் கூடும் என்ற நிலையில் இந்த ஒன்றரைக் கிலோ எதையும் கூட்டாது. ஃபோம் பொய்யான பொருள் இல்லை, அதன் வேலை வேறு. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு எதிரொலித்துக் குழம்பிய ஓர் உரைக்கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியருக்கு வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து, ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மென்மையான பொருள் அறைக்குள்ளேயே சுற்றும் ஒலியை உறிஞ்சும் என்பது அப்படித்தான் கணக்குக்குள் வந்தது. கவனியுங்கள், அந்த அறைக்குள் எழுந்த ஒலியை. பக்கத்து அறைக்குப் போகும் ஒலிக்கு மெத்தை குறுக்கே நிற்காது. வெறும் தரையும் வெறும் சுவருமாக உள்ள உங்கள் அறையில் கனமான திரையும் கம்பளமும் போட்டு உறிஞ்சும் பரப்பை இரட்டிப்பாக்கினால் வந்து சேரும் சத்தம் 3 டெசிபல் குறையும். அதைச் செய்ய ஃபோம் கடைக்குப் போகத் தேவையில்லை.

முட்டை அட்டை அதே வேலையை இன்னும் மோசமாகச் செய்யும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பயம் எனக்கு உண்டு, அது தீ. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இரவு விடுதி எரிந்து 100 பேர் இறந்தார்கள். மேடைச் சுவரில் சத்தத்துக்காக ஒட்டியிருந்த ஃபோமில்தான் வாணவேடிக்கைப் பொறி பட்டது. 2013-ல் பிரேசிலின் சான்டா மரியா நகரில் 242 பேர் இறந்த தீயும் ஒலிக்கான ஃபோமில் பிடித்ததே. தலைமாட்டில் சுவிட்ச் பாக்ஸ் இருக்கும் சுவரில் அதை ஒட்டச் சொல்பவரிடம் தீச்சான்று கேளுங்கள்.

கொத்தனார் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் கணக்கு இல்லை. பழைய சுவரோடு ஒட்டி இன்னொரு நாலரை அங்குலம் எழுப்பினால் எடை இரட்டிக்கும், கிடைப்பது 5 அல்லது 6 டெசிபல். அதற்காக உங்கள் தளத்தின் மேல் 3 டன் பாரம் ஏறும். மாடி வீடு என்றால் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் அதைத் தொடவே கூடாது. இடைவெளி விட்டுக் கட்டினால் பலன் கூடும் என்பது சரி. ஆனால் கட்டும்போது உள்ளே விழும் கலவை இரண்டு சுவருக்கும் பாலம் போட்டுவிடும்.

என் ஓட்டு தனியாக நிற்கும் பலகைச் சுவருக்கு. பழைய சுவரைத் தொடாமல் இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, தரையிலும் மேல் தளத்திலும் மட்டும் பிடித்து நிற்கும் 5 சென்டிமீட்டர் இரும்புச் சட்டம். தரையும் தளமும் தொடும் இடத்தில் ரப்பர் பட்டை. உள்ளே ராக்வூல் அல்லது கிளாஸ்வூல். முகப்பில் 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு இரண்டு அடுக்கு, ஒன்றின் இணைப்பு மேல் மற்றதன் இணைப்பு விழாதபடி. சுற்றளவு முழுக்க சீலன்ட். மொத்தம் 10 சென்டிமீட்டர் அறையில் குறையும், எடை 300 கிலோவைச் சுற்றி நிற்கும். ஒழுங்காகச் செய்தால் பேச்சின் சுருதிகளில் 10 டெசிபலை எதிர்பார்க்கலாம். அதற்கு மேல் ஆய்வகத்தில் கிடைக்கும். வீட்டில் தரை, மேல் தளம், பக்கச் சுவர் எல்லாம் இரண்டு வீட்டுக்கும் தொடர்ந்து ஓடுவதால் ஒலி சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கூடுதலைத் தின்றுவிடும். கண்டிப்பாக ஃபால்ஸ் சீலிங்கை அந்த ஓரத்தில் வெட்டி, பலகைச் சுவரை மேல் தளம் வரை கொண்டுபோக வேண்டும்.

இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒருவர் வந்து ஒரே ஒரு போர்டைச் சுவருக்கு 1 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டித் தருவார். சம்மதிக்காதீர்கள். சுவர், நடுவே காற்று, முன்னால் பலகை மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மேளம். நடுவில் உள்ள காற்று ஸ்பிரிங் போல வேலை செய்ய, பலகை தோலாக அதிரும். அந்த மேளத்துக்கென்று ஒரு சுருதி உண்டு; அந்தச் சுருதியில் சத்தம் குறைவதற்குப் பதில் கூடும். ஒற்றைப் பலகையும் 1 சென்டிமீட்டர் இடைவெளியும் என்றால் அது 190 ஹெர்ட்ஸ் வாக்கில் விழும். மனிதக் குரலின் அடிச்சுருதி உட்காரும் இடமே அதுதான். இரட்டைப் பலகையும் ஏழு சென்டிமீட்டர் இடைவெளியும் வைத்தால் மேளத்தின் சுருதி 50 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் இறங்கி, பேச்சுக்கு வெளியே போய்விடும். சினிமா பார்க்கும்போது தரையை அதிரவைக்கும் பாஸ் ஸ்பீக்கர் அங்கே இருந்தால் மட்டும் இந்தப் பலகைச் சுவரும் கைவிரிக்கும். விற்பவர் காட்டும் எஸ்டிசி எண், அதாவது ஒலித்தடுப்பின் தர எண், 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கணக்கில் எடுப்பதில்லை.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சட்டம் ஆடுகிறது என்று தச்சர் ஒரு நீள ஸ்க்ரூவைப் பழைய சுவர் வரை இறக்கிவிட்டால் அது பாலமாகிவிடும், அங்கிருந்து அதிர்வு நேராகப் பலகைக்கு வந்துவிடும். புதுச் சுவரில் மறுபடி சுவிட்ச் பாக்ஸ் வெட்டுவதும் வேண்டாம்.

நாற்காலிச் சத்தம் வேறு ஜாதி. அது காற்றில் வருவதில்லை, காலிலிருந்து தரைக்கு இறங்கி, தரை வழியாகவே உங்கள் கட்டில் கால் வரை நடந்து வருகிறது. உங்கள் பக்கம் என்ன கட்டினாலும் அது பெரிதாகக் குறையாது. அங்கே நாற்காலிக் கால்களில் கம்பளி வில்லை ஒட்டினால் அன்றைக்கே நின்றுவிடும். டிவியோ ஸ்பீக்கரோ பொதுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தால் அதுவும் இதே கதைதான். சுவரிலிருந்து இறக்கி மேசையில் வைத்து, அடியில் ரப்பர் வைத்தால் சுவரே ஸ்பீக்கராக அதிர்வது நிற்கும். வாஷிங் மெஷினுக்கும் இதையே சொல்வேன்.

இதற்கெல்லாம் அவர்களிடம் பேச வேண்டும். இதுவரை பேசவில்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். புகாராகப் போகாதீர்கள், "உங்கள் வீட்டுப் பேச்சு எங்களுக்குக் கேட்கிறது, எங்கள் பேச்சும் உங்களுக்குக் கேட்கும் போலிருக்கிறது, சுவரில் எங்கோ சந்து இருக்கிறது, சேர்ந்து பார்ப்போமா" என்று போங்கள். இது தந்திரப் பேச்சு இல்லை. சுவர் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் ஒலியைக் கடத்தும். உங்களுக்கு வார்த்தை புரிகிறது என்றால் அதே குரலில் நீங்கள் பேசுவது அவர்களுக்கும் புரியும், நீங்கள் அடைக்கும் சந்து இருவருக்கும் அடைபடும். கிசுகிசுத்துப் பேசுவது உங்கள் வீட்டில் மட்டும்தான் என்று யார் கண்டது? பொதுச் சுவரில் உளி வைப்பதற்கு அவர்கள் சம்மதமும், அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதமும் எப்படியும் வேண்டும்.

கட்டில் கேள்விக்கு வருகிறேன். ஆம், இன்றைக்கே திருப்புங்கள். சுவரை ஒட்டிய இடத்திலும் மூலையிலும் தாழ்ந்த சுருதிகள் அறை நடுவை விட உரத்து நிற்கும். தலைப்பலகை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு நேராகத் தலையணைக்கே வரும். எதிர்ச் சுவர்ப் பக்கம் தலைமாட்டை வைத்து, அங்கும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பழைய தலைமாட்டின் சுவிட்ச் பாக்ஸ் இரண்டையும் மாற்ற எலக்ட்ரீசியனைக் கூப்பிடும்போது, கூரை விளக்கு ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்ததையும், ஜன்னல் மூடும் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளையும் எனக்கு எழுதுங்கள். பலகைச் சுவர் தேவையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.